ஆரஞ்சுப் பூஞ்சையும் ஆர்.என்.ஏ. கத்தரிக்கோலும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து (ஆஸ்டின்) உயிரியல் பேராசிரியர் ஆலன் லாம்போவிட்ஸ், ரொட்டியில் பூக்கும் நியூரோஸ்போரா என்ற ஆரஞ்சு நிறப் பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவை (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பை) கொண்டு ஆர்.என்.ஏ. ஸ்பிளைசிங் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்ததைக் குறித்து அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அந்த அரைப்பக்கம் போதவில்லை என்று வாசகர்கள் கடிந்துகொண்டிருக்கிறார்கள். வந்த கடிதங்களில் ஒரே பொருளைச் சுற்றியவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்பிளைசிங் என்பதை "வெட்டி ஒட்டுதல்" என்று எழுதினீர்கள். வெட்டுவது யார்? எங்கள் பாடநூலில் இன்ட்ரான் நீக்கப்படுகிறது என்று மட்டும் இருக்கிறது. (கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி)

பதில்: "நீக்கப்படுகிறது" என்ற செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்திருக்கும் எழுவாயைத் தேடியிருக்கிறீர்கள்; சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. இழையில், புரதத்துக்கோ, புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமுக்கோ தேவையான பகுதிகளுக்கு நடுவே தேவையற்ற நீளங்கள் கிடக்கின்றன என்பதை 1977-இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் ஆகியோரின் குழுக்கள் அடினோவைரஸில் தனித்தனியே கண்டுபிடித்தன. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இடைச்செருகலுக்கு இன்ட்ரான் என்று பெயர்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பத்தியை நீக்கவேண்டுமானால் அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். நம் உயிரணுக்களின் உட்கருவிலும் அப்படித்தான், பல ஆர்.என்.ஏக்களும் ஏராளமான புரதங்களும் சேர்ந்த ஸ்பிளைசோசோம் என்ற பெரிய இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் 1982-இல் கொலராடோவில் தாமஸ் செக் குழுவினர், டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியின் 413 எழுத்து (இழையின் அடிப்படை அலகு) நீளமுள்ள இன்ட்ரான், எந்தப் புரதத்தின் உதவியும் இல்லாமல் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேறி, இரு முனைகளையும் ஒட்டிவிட்டுப் போவதைக் காட்டினார்கள். நீக்கப்பட வேண்டிய பத்தியே கத்தரிக்கோலையும் பசையையும் கையில் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வகை இன்ட்ரான்களை முதல் தொகுதி என்பார்கள். குவானோசின் என்ற சிறு மூலக்கூறு ஒன்று வந்து இன்ட்ரானின் முன்முனையில் இழையை அறுத்துத் தானே அங்கு ஒட்டிக்கொள்ளும். அறுபட்ட முன்பகுதியின் வால் பின்முனையைத் தாக்கி, அடுத்த பகுதியோடு இணைந்துகொள்ளும். ஒரு பிணைப்பு உடையும்போதே இன்னொரு பிணைப்பு உருவாவதால், வெளியிலிருந்து ஆற்றல் செலவழிக்கத் தேவையில்லை.

பூஞ்சைகளின் மைட்டோகாண்ட்ரியாவில் இந்த வகை இன்ட்ரான்கள் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் பல, சோதனைக் குழாயில் தனியே விட்டால் சண்டித்தனம் செய்கின்றன. கத்தரிக்கோல் இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கிறது. லாம்போவிட்ஸின் ஆராய்ச்சி அந்தக் கையைப் பற்றியது.

கேள்வி: கரும்பு வெட்டி முடித்துத் தோகையைக் கொளுத்திய சில நாட்களில், கருகிய கட்டைகளில் காவி நிறத்தில் மாவு பூத்தது போல வருகிறது. நீங்கள் எழுதிய பூஞ்சை அதுதானா? (விவசாயி, சத்தியமங்கலம்)

பதில்: நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல இயலாது, ஆனால் தாங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் நியூரோஸ்போராவுக்கே பொருந்துகின்றன. தென்னிந்தியக் கரும்பு வயல்களில், தீ வைத்த பின் முளைக்கும் இந்த இனத்தை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ரமேஷ் மகேஸ்வரி வயலுக்கே சென்று ஆராய்ந்திருக்கிறார். இதன் ஒருவகை வித்துகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, ஏறத்தாழ 60 டிகிரி சூடு பட்ட பிறகே விழித்துக்கொள்கின்றன. அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியில் இது வருவதற்கும் அதுவே காரணம். 1843-இல் பாரிஸ் நகர ரொட்டிக்கூடங்களை இது படுத்திய பாட்டைப் பிரெஞ்சு அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தோனேசியர்களோ இதன் உறவினத்தைக் கொண்டு ஒன்சோம் என்ற உணவையே செய்து சாப்பிடுகிறார்கள்.

ஆய்வகத்தில் இதை ஏன் விரும்புகிறார்கள் என்றால், இதற்குக் குரோமோசோம் தொகுதி ஒன்றுதான். பழுதை மறைக்க இரண்டாவது படி கிடையாது. 1941-இல் பீடிலும் டாட்டமும், ஒரு மரபணு பழுதானால் ஒரு நொதி பழுதாகிறது என்பதை இதில்தான் காட்டினார்கள். வளர்ச்சியை அளப்பதும் எளிது. இருமுனையும் மேல்நோக்கி வளைந்த நீண்ட கண்ணாடிக் குழாயில் அகர்க்கூழைப் பாதியளவு ஊற்றி, ஒரு முனையில் பூஞ்சையை வைத்துவிடுவார்கள். அது ஓடத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் காலையில், அதன் விளிம்பு எட்டியிருக்கும் இடத்தில் குழாயின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டால் போதும். நலமான பூஞ்சையின் கோடுகள் எட்டு, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் விழும். பழுதுபட்டதன் கோடுகள் நெருங்கி நெருங்கி விழும்.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் தாயிடமிருந்து மட்டுமே வருகின்றன என்பதைப் பூஞ்சையில் எப்படி அறிந்தார்கள்? பூஞ்சைக்குத் தாய் ஏது? (பள்ளி ஆசிரியர், மதுரை)

பதில்: மேரி மிட்செல், ஹெர்ஷல் மிட்செல் இருவரும் 1952-இல் கோடுகள் நெருங்கி விழும் ஒரு பூஞ்சையைப் பற்றி எழுதினார்கள். மந்தமாக வளர்ந்ததால் அதற்குப் "போக்கி" (ஆங்கிலத்தில் மந்தமானது) என்று பெயர் வைத்தார்கள். நியூரோஸ்போரா கலக்கும்போது, ஒன்று வித்துக்கூட்டைத் தன் உடலில் முன்கூட்டியே அமைத்து வைத்துக் காத்திருக்கும். மற்றது சிறு வித்தை மட்டும் அனுப்பும். கூட்டை அமைத்தது தாய் என்று கொள்ளலாம். போக்கி தாயாக இருந்தால் பிள்ளைகள் அனைத்தும் மந்தம். போக்கி தந்தையாக இருந்தால் ஒன்றுகூட மந்தமில்லை. உட்கரு இரு தரப்பிலிருந்தும் சமமாக வருவதால், பழுது உட்கருவுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

அந்தப் பழுது என்ன என்பது வெளிப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மைட்டோகாண்ட்ரியாவின் சிறிய ரைபோசோம் ஆர்.என்.ஏவுக்கான மரபணுவின் தொடக்கத்தில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதை, 1984-இல் ராபர்ட் ஏக்கின்ஸும் லாம்போவிட்ஸும் கண்டார்கள்.

கேள்வி: ஒரே புரதம் இரண்டு வேலை செய்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. உயிருக்கு இன்றியமையாத ஒரு நொதி கெட்டால் மற்ற எல்லாமும் கெடத்தானே செய்யும்? அதை வைத்து, அந்த நொதிக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்லலாம்? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சேலம்)

பதில்: இம்முறை வந்தவற்றில் மிகக் கூர்மையான கேள்வி இது. ஆய்வாளர்களையும் இதே ஐயம் விடவில்லை. ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

போக்கியைப் போலவே சுவாசம் மந்தமாகி, சைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதங்கள் குறைந்த வேறு பூஞ்சைகளும் உண்டு. அவற்றில் சிலவற்றின் பழுது, தாய்வழியில் அல்லாமல் இரு பெற்றோர் வழியிலும் கடந்தது. அதாவது பழுது உட்கருவில், விளைவு மைட்டோகாண்ட்ரியாவில். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய லாம்போவிட்ஸின் குழு, 1979-இல் அவற்றின் ரைபோசோம் ஆர்.என்.ஏவைப் பிரித்துப் பார்த்தது. பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. இருக்க வேண்டிய இடத்தில், அதைவிட நீளமான இழை தேங்கியிருந்தது. ஏறத்தாழ 2,300 எழுத்து நீளமுள்ள இன்ட்ரான் வெட்டப்படாமல் அப்படியே உள்ளே இருந்தது. ஸ்பிளைசிங் என்ற ஒன்று உண்டு என்பதே உலகுக்குத் தெரிந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அப்படிப்பட்ட பூஞ்சைகளில் ஒன்றின் பழுதான மரபணுவுக்கு சைட்-18 என்று பெயர். அதைப் பிரித்தெடுத்து எழுத்துவரிசையைப் படித்தபோது, இதுவரை யாரும் அறியாத ஒரு வெட்டும் புரதம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. கிடைத்ததோ ஒரு பழைய முகம். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை, அதைச் சுமந்து செல்லும் டிஆர்என்ஏவின் மேல் ஏற்றிவிடும் நொதி அது. பாக்டீரியா முதல் மனிதர் வரை எல்லா உயிர்களிலும் புரதத் தயாரிப்புக்காக இருக்கும் சுமை ஏற்றும் கூலியாள். ஏக்கின்ஸும் லாம்போவிட்ஸும் இதை 1987-இல் வெளியிட்டார்கள்.

இங்கேதான் தங்கள் ஐயம் நுழைகிறது. டைரோசின் ஏறாவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவில் புரதத் தயாரிப்பு நின்றுவிடும். ஸ்பிளைசிங்குக்கு வேண்டிய வேறு ஏதோ ஒரு புரதம் அதனால் உருவாகாமல் போயிருக்கலாம். ஈஸ்ட்டில் அப்படிப்பட்ட புரதங்கள் உண்டு என்பது முன்பே தெரியும். பிரான்சில் ஸ்லோனிம்ஸ்கியின் குழு, இன்ட்ரானுக்குள்ளேயே எழுதப்பட்டு அதே இன்ட்ரானை வெட்ட உதவும் "மச்சுரேஸ்" என்ற புரதத்தை 1980-இல் விவரித்திருந்தது. ஆகவே பூஞ்சையை முழுதாக வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க வழியில்லை. தூய்மைப்படுத்திய சைட்-18 புரதத்தையும், வெட்டப்படாத ஆர்.என்.ஏவையும், குவானோசினையும் மட்டும் சோதனைக் குழாயில் சேர்த்துப் பார்த்தார்கள். புரதத் தயாரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்தக் குழாயில் இன்ட்ரான் வெளியேறியது. புரதம் இல்லாத குழாயில் வெளியேறவில்லை.

அப்படியானால் வெட்டுவது புரதமா? இல்லை. 1994-இல் வெளியான சோதனை இதை விளக்குகிறது. என் மனத்துக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுவே. செக் கண்ட டெட்ராஹைமினா இன்ட்ரானுக்குப் புரதம் தேவையில்லை என்று சொன்னேன் அல்லவா? அதன் மடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் கை போன்ற ஓர் ஆர்.என்.ஏ. பகுதி அதனுடனேயே இருக்கிறது. அந்தக் கையை வெட்டி எறிந்தால் இன்ட்ரான் முடங்கிவிடும். முடங்கிய அந்த இன்ட்ரானிடம் நியூரோஸ்போராவின் சைட்-18 புரதத்தைச் சேர்த்தார்கள். அது மீண்டும் வேலை செய்தது. தன்னைச் சற்றும் அறியாத வேறோர் உயிரியின் இன்ட்ரானில், இழந்த கையின் இடத்தில் இந்தப் புரதம் போய் நின்றது. கத்தரிப்பது ஆர்.என்.ஏதான், புரதம் அதன் வடிவம் குலையாமல் பிடித்துக்கொள்கிறது.

2008-இல் பால் பாக்ஸ்டெலிஸ், பர்டியூ பல்கலைக்கழகத்தின் பார்பரா கோல்டன், லாம்போவிட்ஸ் முதலியோர் இன்ட்ரானைப் பிடித்திருக்கும் நிலையில் இப்புரதத்தின் படிக வடிவத்தை வெளியிட்டார்கள். டிஆர்என்ஏ அமரும் முகம் வேறு, இன்ட்ரான் அமரும் முகம் வேறு என்று தெரிந்தது. பழைய வேலைக்கான முகத்தைத் தொடாமல், நொதியின் இன்னொரு பக்கத்தில் சில துண்டுகள் புதிதாகச் சேர்ந்து இரண்டாவது வேலைக்கான இடம் உருவாகியிருக்கிறது. ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள இதே நொதிக்கு அந்தத் துண்டுகளும் இல்லை, அந்தத் திறமையும் இல்லை. ஆனால் ஈஸ்ட்டில் லியூசினை ஏற்றும் நொதி வேறோர் இன்ட்ரானுக்கு உதவுகிறது. வீட்டுக்கு வீடு கைக்கு எட்டிய ஆளை அழைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் இந்த வெட்டும் ஒட்டும் நடக்கிறதா? (இல்லத்தரசி, சென்னை)

பதில்: இல்லை. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 எழுத்து நீளம், 37 மரபணுக்கள், ஓர் இன்ட்ரான்கூட இல்லை. நியூரோஸ்போராவினுடையது அதைப்போல் நான்கு மடங்கு நீளம். பூஞ்சைகளில் ஒரு பெரும் பிரிவுக்கு மட்டுமே உரிய இந்தப் புரதத்தின் இரண்டாவது வேலையைத் தடுத்தால், மனிதருக்குத் தீங்கின்றிச் சில நோய்ப் பூஞ்சைகளை ஒடுக்கலாம் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடம் உண்டு.

கேள்வி: அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து அடித்தால் சாம்பல் நோய்க்குச் சீக்கிரமே கேட்காமல் போகிறது, துரு நோய்க்கு அப்படி ஆவதில்லை என்கிறார்கள். இதற்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தொடர்பு உண்டா? (வேளாண் பட்டதாரி, உதகமண்டலம்)

பதில்: இத்துறையிலிருந்து வயலுக்கு நேராக வந்து சேரும் கதை இது. ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகள் பூஞ்சையின் சைட்டோகுரோம்-பி என்ற புரதத்தில் போய் ஒட்டி அதன் சுவாசத்தை நிறுத்துகின்றன. அந்தப் புரதத்தின் மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. புரதத்தின் 143-ஆம் இடத்தில் உள்ள கிளைசின், அலனினாக மாறிவிட்டால் மருந்து ஒட்டாது. அதற்கு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். 1996-இல் இவ்வகை மருந்துகள் சந்தைக்கு வந்தன; 1998-இலேயே ஜெர்மனியின் கோதுமை வயல்களில் சாம்பல் நோய்ப் பூஞ்சை இந்த மாற்றத்தோடு எதிர்ப்பு காட்டியது.

கோதுமையின் துருப் பூஞ்சைகளிலோ, சரியாக அந்த 143-ஆம் இடத்தின் எழுத்துகள் முடிந்த மறுகணமே ஓர் இன்ட்ரான் தொடங்குகிறது. காப்பியின் இலைத்துருவிலும் அப்படியே. வெட்டும் இடத்தை அடையாளம் காண, அதற்கு முன்னாலுள்ள எழுத்துகளும் இன்ட்ரானுக்கு வேண்டும். மருந்திலிருந்து தப்பிக்க அங்கே எழுத்தை மாற்றினால் வெட்டும் இடம் கெடும், வெட்டு நடக்காவிட்டால் சைட்டோகுரோம்-பி உருவாகாது, மூச்சே நின்றுவிடும். மருந்துக்குத் தப்புவதும் சாவு, தப்பாததும் சாவு என்ற நிலை.

தங்கள் ஊருக்கு நெருக்கமான உருளைக்கிழங்கு முன்கருகல் நோயின் பூஞ்சையான ஆல்டர்னேரியா சொலானியிலும் இதே இடத்தில் இன்ட்ரான் இருக்கிறது. அது வேறு கதவைத் திறந்துகொண்டது. 129-ஆம் இடத்தில் ஃபினைல்அலனினை லியூசினாக மாற்றிக்கொண்டு, அரைகுறையான எதிர்ப்பைப் பெற்றிருக்கிறது. ஆகவே இன்ட்ரான் காவல் நிற்கிறது என்று நம்பி ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது சரியாகாது. வேறு வகை மருந்தோடு மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்ற அறிவுரை இங்கும் பொருந்தும்.

கேள்வி: இரண்டாம் தொகுதி இன்ட்ரான்கள் என்று குறிப்பிட்டு நிறுத்திவிட்டீர்கள். அவை ஏன் முக்கியம்? (உயிர்த்தகவலியல் மாணவர், வேலூர்)

பதில்: இவை தம்மை வெட்டிக்கொள்ளும் முறை வேறு. இன்ட்ரானுக்குள்ளே இருக்கும் ஓர் அடினோசின் வளைந்து வந்து முன்முனையைப் பிடிப்பதால், வெளியேறும் இன்ட்ரான் சுருக்குக்கயிறு வடிவில் இருக்கும். நம் உட்கருவின் ஸ்பிளைசோசோமும் அச்சாக இதே சுருக்கைத்தான் போடுகிறது. அந்தப் பேரியந்திரத்தின் மூதாதை, பாக்டீரியாவிலிருந்து வந்த ஓர் இரண்டாம் தொகுதி இன்ட்ரானாக இருக்கவேண்டும் என்ற கருத்து இதனால் எழுந்தது. ஸ்பிளைசோசோமின் நடுவிலிருக்கும் பிஆர்பி-8 என்ற புரதத்தின் வடிவம், இவ்வகை இன்ட்ரான்கள் எழுதும் நொதியை ஒத்திருப்பது 2013-இல் தெரிந்தபின் அது வலுவடைந்திருக்கிறது.

அந்த நொதி ஆர்.என்.ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் தலைகீழ்ப் படியெடுப்பி. வெளியேறிய இன்ட்ரான் அதன் துணையோடு டிஎன்ஏவின் வேறோர் இடத்தில் மீண்டும் நுழைந்துகொள்ளும். லாம்போவிட்ஸின் குழு இந்த நுழைவை முதலில் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவிலும் பின்னர் பாக்டீரியாவிலும் படிப்படியாக அவிழ்த்தது. வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியாவின் இன்ட்ரான் நொதியைக் கருவியாக்கி 2013-இல் வெளியிட்டது. முறுக்கி மடிந்த ஆர்.என்.ஏக்களை உயர்ந்த சூட்டில் அவிழ்த்து முழுநீளமும் படிக்க அது உதவுகிறது. இரத்தத்தில் மிதக்கும் துண்டு ஆர்.என்.ஏக்களைக் கணக்கெடுக்கவும் பயன்பட்டிருக்கிறது. தங்கள் துறையில் வந்து குவியும் தரவுகளில் ஒரு பகுதி இந்த வழியாக வந்ததாக இருக்கலாம்.

கேள்வி: இந்த ஆராய்ச்சியில் "வர்குட்" என்று இந்திய ஊர்ப்பெயர் போல ஒன்று அடிபடுகிறதே? (வாசகர், பெங்களூரு)

பதில்: இந்திய ஊர்ப்பெயரேதான். உலகெங்கும் காட்டு நியூரோஸ்போராவைச் சேகரித்த ஸ்டான்ஃபோர்டின் டேவிட் பெர்க்கின்ஸ் குழுவினர், ஒவ்வொரு வகைக்கும் கிடைத்த ஊரின் பெயரையே இட்டார்கள். இந்தியாவின் வர்குட்டிலிருந்து வந்ததும், டெக்சாஸின் மாரிஸ்வில்லிலிருந்து வந்ததும், தம் மைட்டோகாண்ட்ரியாவில் முக்கிய டிஎன்ஏவைத் தவிரத் தனியாக ஒரு சிறு வளைய டிஎன்ஏவையும் வைத்திருந்தன. கடல்களுக்கு அப்பால் பிறந்த அவ்விரு வளையங்களும் நெருங்கிய உறவு கொண்டவை. அவையும் தலைகீழ்ப் படியெடுப்பியை எழுதுகின்றன என்று லாம்போவிட்ஸின் குழு 1988-இல் காட்டியது.

வர்குட் வகையில் இன்னும் ஒன்று கூடுதலாக இருந்தது. 881 எழுத்து நீளமுள்ள அந்தத் துணை ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டிக்கொள்வதை, டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பாரி சேவில், ரிச்சர்ட் காலின்ஸ் இருவரும் 1990-இல் கண்டார்கள். காலின்ஸ், 1979-ஆம் ஆண்டின் அந்த வெட்டப்படாத இன்ட்ரான் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் விஎஸ் ரைபோசைம் (நொதி போல வேலை செய்யும் ஆர்.என்.ஏ.) என்று வருவது இதுதான். அதிலுள்ள "வி" என்ற எழுத்து வர்குட்டைக் குறிக்கிறது. பூஞ்சைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், இது இல்லாத நியூரோஸ்போரா வகைகளும் குழாயில் அதே வேகத்தில் ஓடுகின்றன.